இடையன்குடிக்கு நடந்து சென்றவர்

கால்டுவெல் என்ற பெயர் நம் கல்லூரி மாணவர் எவருக்கும் புதிதன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் யார் என்னும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக அவரை நாம் அறிவோம். 1968 ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் ஒருவராகவும் அறிவோம். ஆனால் அந்த மேதை, இருபத்தேழு வயது இளைஞராக இருந்தபோது, ஆங்கிலம் அறிந்தவர் அரிதாகிய ஊர்களின் வழியே, சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி வரை தன்னந்தனியாக நடந்தே சென்றார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த நடையே பின்னாளில் அந்நூலுக்குத் தாயாயிற்று என்பது என் எண்ணம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இராபர்ட்டு கால்டுவெல் 1814 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் அயர்லாந்தில் ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டினர். பத்து வயதில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. செல்வக் குடும்பமன்று. இளமையில் அவருக்கு ஓவியக் கலையில் நாட்டம் இருந்தது. அண்ணன் ஒருவர் டப்ளின் நகரில் இருந்தமையால் அங்குச் சென்று சில ஆண்டுகள் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சமயத் தொண்டில் மனம் திரும்பிற்று. இலண்டன் மிஷன் சங்கத்தின் உதவியால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1837 இல் பட்டம் பெற்றார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர் சர் டேனியல் சாண்ட்போர்டு. ஒரு மொழியை மற்றொரு மொழியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பார்வையை இந்த மாணவருக்கு ஊட்டியவர் அவரே. ஓவியம் பயின்ற கண்ணும், ஒப்பிட்டுப் பார்க்கும் கருத்தும் ஒருங்கே அமைந்த இளைஞர் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்காலத்துக் கடற்பயணம் இன்றுபோல் எளிதன்று. சூயஸ் கால்வாய் 1869 இல்தான் திறக்கப்பட்டது. ஆதலின் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வர வேண்டும். அவர் ஏறிய மேரி ஆன் என்னும் கப்பல் 1837 ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் புறப்பட்டு 1838 ஜனவரி 8 ஆம் நாள் சென்னையை அடைந்தது. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட அப்பயணத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல துணை சி. பி. பிரவுன். தெலுங்கு மொழிக்கு அகராதி கண்ட அந்த அறிஞரும் அதே கப்பலில் வந்தார். தமிழ் மண்ணை மிதிக்குமுன்பே தென்னாட்டு மொழிகளைப் பற்றிய பேச்சு கால்டுவெல் காதில் விழுந்துவிட்டது என்க.

சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் படித்தார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1840 இல் வெளியிட்ட துரூ என்னும் பாதிரியார் அவருக்குத் துணையாயிருந்தார். ஆனால் சென்னையில் இருந்துகொண்டு ஒரு வெள்ளையர் தமிழ் கற்பது எளிதா என்று எண்ணிப் பாருங்கள். துபாஷிகளின் ஊர் அது. கடைக்காரர், வண்டிக்காரர், வீட்டு வேலையாள் எனப் பலரும் வெள்ளைக்காரரைக் கண்டால் தமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசிவிடுவர். முன்ஷியிடம் காலையில் பாடங்கேட்கும் தமிழை மாலையில் பேசிப் பார்க்க ஆள் இராது. அன்றியும் முன்ஷி கற்பிக்கும் தமிழ் ஏட்டுத் தமிழ். தெருவில் ஒலிப்பது வேறு தமிழ். ஒரு மொழியை நம்பியே ஒரு வாய்த் தண்ணீரும் ஓர் இரவுத் தங்கலும் பெற்றாக வேண்டும் என்ற நிலை வந்தாலன்றி அம்மொழி நாவில் ஏறாது.

1841 இல் அந்நிலையைக் கால்டுவெல் தாமே தேடிக்கொண்டார். இலண்டன் மிஷனை விட்டு எஸ்.பி.ஜி. என வழங்கிய திருச்சபைச் சங்கத்தில் சேர்ந்த அவருக்கு, நெல்லைச் சீமையில் இடையன்குடி என்னும் ஊர் பணிக்களமாகக் குறிக்கப்பட்டது. வழியில் நீலகிரிக்குச் சென்று, உதகையில் தங்கியிருந்த சென்னைப் பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற வேண்டும். அக்காலத்து வெள்ளையர் தொலைவழி செல்வதென்றால் பல்லக்கு உண்டு, போகிகள் என வழங்கிய பல்லக்குத் தூக்கிகள் உண்டு, குதிரை உண்டு, கூடாரம், சமையற்காரர், பங்கா இழுப்பவர் எனப் பரிவாரம் உண்டு. அவ்வளவையும் விடுத்து, மக்களையும் அவர்தம் பேச்சையும் அருகிருந்து அறிய வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு நடப்பதென்று முடிவு செய்தார் அவர். கடற்கரையை ஒட்டித் தெற்கே நடந்து, கும்பகோணம், தஞ்சை, திருச்சி என்று காவிரிக் கரை ஊர்களைக் கண்டு, மேற்கே திரும்பி நீலகிரி மலையேறினார். செப்டம்பர் 19 ஆம் நாள் உதகையில் குருப்பட்டம் பெற்றார். பின்னர் இறங்கிக் கோவை, மதுரை வழியாகத் தெற்கு நோக்கி நடந்தார். ஆண்டு முடியுமுன் இடையன்குடியை அடைந்துவிட்டார். தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இராயபுரத்தில் திறக்கப்பட அப்போது இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.

இந்த இடத்தில் என் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்துள்ள மாரமங்கலம் என் ஊர். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் பலாவும் சாமைக் கொல்லையும் உள்ள ஊர். கால்டுவெல் தஞ்சை, திருச்சி வழியாக நீலகிரிக்குப் போனவராதலின் எங்கள் மலைப்பக்கம் வரவில்லை. ஆயினும் அவர் வாழ்க்கை வரலாற்றை நூலகத்திலிருந்து எடுத்துச் சென்று மார்கழி விடுமுறையில் நான் படித்தது மாரமங்கலத்தில், அடுப்பங்கரையில், என் தாத்தாவுக்கு எதிரில் அமர்ந்துதான். தாத்தா பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் நடந்தவர். பேருந்து வருமுன் பலாப்பழமும் ஆரஞ்சும் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு விடியுமுன் மலையிறங்கிச் சந்தை சேர்ந்து, மறுநாள் உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மலையேறியவர். இன்று சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் இருபது கொண்டையூசி வளைவுகளில் பேருந்தில் உட்கார்ந்து தலைசுற்றும் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்.

ஒரு வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து நடந்து வந்தார் என்று சொன்னதும் தாத்தா வியப்படையவில்லை. நடந்தால் வந்துவிடலாம் என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். மூட்டையை யார் சுமந்தார்? செருப்பு அறுந்தால் யார் தைத்துக் கொடுத்தார்? ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்கே காத்திருந்தார்? நாய் துரத்தினால் என்ன செய்தார்? எல்லாவற்றிலும் என்னை நிறுத்திய கேள்வி ஒன்று: எந்தத் தெருவில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்? சாதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்த காலம் அது. பறங்கிக்காரர் தொட்ட பாத்திரத்தைத் திரும்ப வாங்காதவர் ஒரு தெருவில். தம் பாத்திரத்திலிருந்து இன்னொருவருக்குத் தண்ணீர் கொடுக்க உரிமையில்லை என்று ஒதுக்கப்பட்டவர் மறு தெருவில். பரிவாரத்தோடு வரும் துரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு வேண்டியதை அவருடைய ஆட்கள் கொண்டுவந்துவிடுவர். தனியே வருபவர்தான் ஒவ்வொரு வாசலிலும் தாம் யார் என்று சொல்லியாக வேண்டும். எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், ஏன் நடக்கிறீர், உமக்கு ஆட்கள் இல்லையா என்று ஊர்தோறும் கேட்டிருப்பார்கள். எழுவாய், பயனிலை பார்த்து அடுக்கிய முன்ஷித் தமிழில் ஒரு மறுமொழி சொன்னால், அதைக் கேட்டுச் சிறுவர்கள் சிரித்திருப்பார்கள். மறுநாள் அடுத்த ஊரில் அதே மறுமொழியைக் கொஞ்சம் திருத்திச் சொல்லியிருப்பார். இதைக்காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் ஒரு மொழிக்கு இல்லை.

அவர் வரலாற்றை எழுதினோர் அவர் கடந்த ஊர்களின் பெயர்களையும் சந்தித்த பாதிரியார்களின் பெயர்களையும் எழுதி வைத்தார்கள். வழி சொன்னவர், திண்ணை விட்டவர், மோர் கொடுத்தவர் பெயர்கள் நூலேறவில்லை. இது எனக்குக் குறையாகவே படுகிறது. தமிழின் ஒலியை அவர் காதில் போட்ட ஆசிரியர்களில் பாதிப் பேர் அந்தத் திண்ணைக்காரர்கள் அல்லரோ?

தனிவழி என்பதைப் பற்றி எனக்கும் ஒரு சிறு அனுபவம் உண்டு. ஊர்விட்டு ஊர் தனியே போனது எனக்கு ஒரே முறைதான். வேலைவாய்ப்புத் தேர்வு ஒன்றுக்கு மையம் கர்னூலில் என்று சீட்டு வந்தது. ஆங்கிலம் இருந்தால் எங்கும் போய்விடலாம் என்று விடுதி நண்பர்கள் தைரியம் சொன்னார்கள். இரவு இறங்கிப் பார்த்தால் நான் கேட்ட ஆங்கிலம் அங்கிருந்த தேநீர்க் கடைக்காரருக்கும் தெரியவில்லை, ஆட்டோக்காரருக்கும் தெரியவில்லை. எனக்கே அது பாதிதான் தெரியும் என்பது வேறு. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்திருந்தது. தண்ணீர் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, பாடப்புத்தகத்து நினைவில் நீர் என்றேன். உடனே நீள்ளு என்று ஒரு குவளையை நீட்டினார். விலை கேட்டபோது விரல்களை மடக்கி எண்ணிக் காட்டினார்: மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஏடு. பிறகு ஊரு, பேரு, இல்லு, காலு, கண்ணு என்று ஒவ்வொன்றாகக் கதவு திறந்தது. வயிற்றுப் பயம் கொஞ்சம் இறங்கிற்று. வகுப்பில் ஒப்பிலக்கணப் பாடத்தை உருப்போட்டபோது என் மண்டையில் ஏறாதது, அந்தக் கடை வாசலில் ஒரு குவளைத் தண்ணீரோடு ஏறிற்று.

எண்ணுப் பெயர், மூவிடப் பெயர், உடலுறுப்பின் பெயர் ஆகியவற்றைத்தான் கால்டுவெல் தம் நூலில் பெரிதும் ஆராய்ந்தார் என்பதை இங்கே சேர்த்து எண்ணுங்கள். ஒரு மொழியார் இன்னொரு மொழியிலிருந்து கடவுளின் பெயரைக் கடன் வாங்குவர். அரசாங்கச் சொல்லைக் கடன் வாங்குவர். ஆடையின் பெயரையும் ஆபரணத்தின் பெயரையும் கடன் வாங்குவர். நான், நீ, ஒன்று, இரண்டு, கண், கை என்பவற்றை எளிதில் கடன் வாங்கமாட்டார்கள். நெடுவழி நடப்பவனுக்கு முதலில் தேவைப்படுவனவும் அச்சொற்களே.

இடையன்குடிக்கு வருவோம். பெயரளவில் கிராமம், உண்மையில் மணலும் பனையும். பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த ஏழை மக்கள். நேரான தெருவில்லை, நல்ல கிணறில்லை. ஓவியம் பயின்றவர் அல்லவா, தாமே ஊருக்கு வரைபடம் எழுதினார். நிலம் வாங்கித் தெருக்களை நேராக்கினார், கிணறு தோண்டினார், மரம் நட்டார், பள்ளி வைத்தார். 1844 இல் நாகர்கோவிலில் எலைசா என்னும் அம்மையாரை மணந்தார். நாகர்கோவிலில் பணியாற்றிய மால்ட் பாதிரியாரின் மகள் அவர். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவராதலின் நம் மக்களின் பேச்சுத் தமிழ் அவருக்குத் தாய்ப்பால்போல் வாய்த்திருந்தது. நடந்து நடந்து கணவர் தேடிய தமிழ் மனைவிக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிட்டது! பெண்கள் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் அவர் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். பின்னல் வேலையைக் கற்பித்துக் கைத்தொழிலாக்கினார். கால்டுவெல்லின் பெயர் பேசப்படும் அளவுக்கு எலைசாவின் பெயர் பேசப்படுவதில்லை. நம் மகளிர் மன்றத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தகைய ஊரில், நூலகம் இல்லாத மணற்காட்டில், பகல் முழுதும் பணியும் இரவு முழுதும் புழுக்கமுமாக இருந்த இடத்தில், அந்தப் பெருநூல் கருக்கொண்டது. உடல்நலம் குன்றி 1854 இல் தாயகம் சென்றவர், அங்கே அதை முடித்து 1856 இல் இலண்டனில் வெளியிட்டார். இராயபுரத்தில் தென்னாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். நூலைப் பாராட்டிக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

இந்நூலைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைத்தல் கூடாது. தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல. தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்பதை முதலில் எடுத்துக் காட்டியவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு 1816 இல் அவர் எழுதிய முன்னுரையில் அது இருக்கிறது. எல்லிஸ் 1819 இல் இளமையிலேயே இராமநாதபுரத்தில் இறந்துவிட்டார். அவர் இட்ட விதையை மரமாக்கியவர் கால்டுவெல். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றோடு நில்லாமல், ஒலி, வேற்றுமை, எண், இடப்பெயர், வினை என இலக்கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். வடசொல் கலவாமலே தமிழ் தனித்து இயங்க வல்லது என்று அவர் கண்ட முடிவு, பின்வந்த எத்தனையோ இயக்கங்களுக்கு அடிக்கல்லாயிற்று.

என்னை ஈர்த்த பகுதி இதுவன்று. 1875 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அவர் பன்னிரண்டு மொழிகளைக் கணக்கிட்டார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள். தோடர் மொழி, கோத்தர் மொழி, கோண்டு, கந்தம், ஒராவோன், இராஜ்மகால் ஆகிய ஆறும் திருந்தா மொழிகள். திருந்தா என்ற சொல் இன்று நம் காதுக்கு உவப்பானதன்று. எழுத்தும் ஏடும் இல்லாத மொழிகள் என்பதே அதன் பொருள். அவற்றையெல்லாம் அவர் நேரில் கேட்டவரும் அல்லர். பெரும்பாலும் பிறர் தொகுத்தனுப்பிய சொற்பட்டியல்களைக் கொண்டே எழுதினார். ஆனால் சங்கம் வளர்த்த தமிழுக்குப் பக்கத்து இருக்கையில், எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் மக்களின் பேச்சை உட்கார வைத்தாரே, அந்தத் துணிவைப் பாருங்கள். கோண்டு மக்கள் மூன்று என்பதை மூண்டு என்பர். நருமதைக்கு அருகே காட்டில் வாழ்பவருக்கும் நமக்கும் நடுவே ஓர் எண் கை கொடுத்து நிற்கிறது.

நான் இதை வாய்விட்டுப் படித்தபோது தாத்தா எழுந்து உட்கார்ந்தார். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் இனத்துக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர் என்று பொருள். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது வழிவழிக் கதை. பேசுவது தமிழ். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, எங்கே மலையாளம் பேசு பார்ப்போம் என்று கேட்காத வகுப்புத் தோழர் இல்லை. மலையாளம் தெரியாது, தமிழ்தான் என்றால், இது என்ன தமிழ் என்று அடுத்த சிரிப்பு. சந்தைக்குப் போன காலத்தில் தாத்தாவும் இதே சிரிப்பைக் கேட்டவர். எடை போடுகிறவர் மலைக்காரன் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்டிக்கொண்டே எடையிலும் கைவைப்பாராம். அப்படிப்பட்டவருக்கு, மலைப் பேச்சைச் சிரிக்காமல் எழுதி வைத்துக்கொண்ட ஒரு வெள்ளைக்காரர் இருந்தார் என்ற செய்தி புதிது. அவர் எங்கள் ஊருக்கு வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார்.

கால்டுவெல் வராவிட்டாலும் அவர் காலத்துத் தமிழறிஞர் ஒருவர் எங்கள் மலையில் கண்மூடினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் பாதிரியார் அவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கிலத்தோடு வெளியிட்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1882 இல் ஏற்காட்டில் இறந்தார். அவருடைய விவிலியம் தமிழ்நாட்டுத் திருச்சபையாருக்கு நிறைவளிக்காமையால், பவர் பாதிரியார் தலைமையில் புதிய திருத்தக் குழு அமைந்தது. அதில் கால்டுவெல்லும் இருந்து உழைத்தார். ஏற்காட்டுக்குச் சுற்றுலா வரும் நண்பர்கள் ஏரியில் படகு விட்டுத் திரும்பாமல் இதையும் நினைத்துப் போகலாம்.

இனி, புகழ்ந்து கொண்டே போவது முறையன்று. மக்களை அறிவதற்காக நடந்த அதே கால்டுவெல், 1849 இல் நெல்லைச் சீமை நாடார் சமூகத்தாரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அம்மக்களை அறிவு வளர்ச்சியில் தாழ்ந்தவர்களாகவும், வேறிடத்திலிருந்து வந்தேறியவர்களாகவும் அதில் காட்டினார். தாயகத்தில் நன்கொடை திரட்டுவதற்கு உதவும் என்று எழுதப்பட்ட நூல், எவர் கையால் பதநீர் வாங்கிப் பருகினாரோ அவர்கள் மனத்தையே புண்படுத்திற்று. அச்சமூகத்துக் கற்றோர் பின்னாளில் அதைக் கடுமையாக எதிர்த்தனர். மறுப்பு நூல்கள் எழுதினர். மேலிடங்களுக்கு விண்ணப்பம் விடுத்தனர். நூல் வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. காலால் அருகில் சென்றவர் கண்ணால் அருகில் செல்லவில்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. மொழியைக் கேட்டு எழுதியபோது காட்டிய பொறுமையை, அம்மொழியைப் பேசியவர்களை எழுதியபோது அவர் காட்டவில்லை. அந்த எதிர்ப்பை எழுப்பியவர்கள் அவர் போன்ற பாதிரியார் வைத்த பள்ளிகளில் படித்து வந்த தலைமுறையினர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்குச் சரியாகும்.

தமிழ் இலக்கியத்தின் காலத்தைக் கணித்ததிலும் அவர் பிழைபட்டார். அது அவர் குற்றமன்று. சங்க நூல்கள் அப்போது ஏட்டிலேயே உறங்கின. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887 இல். சாமிநாதையர் பத்துப்பாட்டை வெளியிட்டது 1889 இல். புறநானூறு வெளிவந்தது 1894 இல். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ஏட்டில் கிடைக்காததை மண்ணில் தேடினார். பழம்பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையில் அகழ்ந்து பார்த்து, கடல் பின்வாங்கியதையும் ஊர் இடம்பெயர்ந்ததையும் எழுதினார். 1881 இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டார். இடையே 1877 இல் உதவிப் பேராயர் பதவி வந்தது. அது தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டிய நேரம். 1883 இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து அங்கே கல்லூரி நடத்தினார். இவையெல்லாம் விரித்தால் விரியும். நம் மலரில் இடம் போதாது.

இடையன்குடிக் கோயிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1847 இல் கட்டத் தொடங்கிய அத்திருக்கோயில் 1880 இல்தான் நிறைவு பெற்றது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! கையில் பணம் வந்தபோது சுவர் எழும்பும், வராதபோது நிற்கும். நம் பக்கத்துக் கட்டடங்களில் ஐந்து ஆண்டு நின்றாலே குறைகூறும் நாம் இதைக் கேட்டு அமைதி கொள்ளலாம்.

1891 ஜனவரியில் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கொடைக்கானலுக்குச் சென்றார். அப்போது வயது எழுபத்தாறு. தமிழ்நாட்டுக்கு வந்து ஐம்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் அம்மலையிலேயே உயிர் நீத்தார். மலைநகரிலேயே அடக்கம் செய்துவிடாமல், உடலை மலையிறக்கித் தென்கோடி வரை கொண்டு சென்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கால்நடையாகச் சென்று சேர்ந்த அதே இடையன்குடியில், அவர் கட்டிய கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். எலைசா அம்மையார் 1899 வரை வாழ்ந்தார். அஞ்சல் துறை 2010 இல் கால்டுவெல்லுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியிருக்கிறது. இறுதித் தேர்வு முடிந்ததும் தாத்தாவை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். பேருந்தில்தான், திருநெல்வேலியிலிருந்தாவது நடக்கலாமே என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.